ஆங்கிலத்தின் வழியே ஜப்பானிய இலக்கியம்

பிறநாட்டு இலக்கியத்தை அறிய இரண்டு வழிகள் உண்டு. அந்நாட்டு மொழியைக் கற்று மூலநூலை நேரே படிப்பது ஒன்று. மொழிபெயர்ப்பின் துணைகொண்டு படிப்பது மற்றொன்று. ஜப்பானிய இலக்கியத்தைப் பொறுத்தவரையில் நம் நாட்டு வாசகர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு வாய்த்தது இரண்டாவது வழியே. அதிலும் ஆங்கிலம் என்னும் ஒரே வாயிலின் வழியாகவே அந்த இலக்கியம் நம்மை வந்தடைந்தது எனலாம். ஆகவே, ஒரு ஜப்பானிய நாவலைப் படித்து, அதன் நடை நன்று, அதன் பாத்திரங்கள் விளங்கவில்லை என்றெல்லாம் நாம் மதிப்புரை கூறும்போது, யாருடைய எழுத்தை மதிப்பிடுகிறோம் என்னும் ஐயம் எழுவது இயல்பு. அந்த ஐயத்தைத் தெளிவிக்க, இம்மொழிபெயர்ப்புகள் தோன்றிய வரலாற்றை ஒருவாறு நோக்குவோம்.

இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே ஆங்கிலம் பாலமாக அமைந்தது நெடுநாளைய செய்தி. 1902-இல் நம் நாட்டில் தங்கியிருந்த ஒகாகுரா என்னும் ஜப்பானிய அறிஞர், கீழ்நாட்டு இலட்சியங்களைப் பற்றிய தம் நூலை ஆங்கிலத்திலேயே எழுதினார்; அது 1903-இல் இலண்டனில் வெளியாயிற்று. 1916-இல் இரவீந்திரநாத தாகூர் ஜப்பானுக்குச் சென்றார். அதே ஆண்டில் பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகையில் நோகுச்சி என்னும் ஜப்பானியக் கவிஞர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததே அதற்குத் தூண்டுகோல். மிகச் சில சொற்களில் முடியும் அந்தக் கவிதையின் இயல்பைத் தமிழர் அறிந்ததும் ஆங்கிலத்தின் வழியாகத்தான்.

ஜப்பானியப் பேரிலக்கியத்தை ஆங்கிலத்தில் தர முதன்முதல் முயன்றவர்களுள் ஒருவர் ஜப்பானியரே. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு என்னும் அரண்மனைப் பெண்மணி இயற்றிய 'கெஞ்சியின் கதை' 54 அத்தியாயங்கள் கொண்ட பெருநூல். கேம்பிரிட்ஜில் கல்வி பயின்ற சுயெமத்ஸு கென்ச்சோ, அதன் முதல் 17 அத்தியாயங்களை 1882-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மேல்நாட்டு வல்லரசுகளோடு சமநிலை பெற ஜப்பான் முயன்றுகொண்டிருந்த காலம் அது. தமக்கும் பழமையான நாகரிகம் ஒன்று உண்டு என்பதை எடுத்துக்காட்ட அந்நூல் பயன்படும் என்று அக்கால ஜப்பானியர் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆயினும் அந்த நூலை உலக வாசகர்களின் கையில் சேர்த்தவர் ஆர்தர் வேலி. பிரிட்டிஷ் மியூசியத்தில் கீழ்நாட்டு ஓவியங்களைப் பேணும் பணியில் இருந்த அவர், சீனத்தையும் ஜப்பானிய மொழியையும் பெரும்பாலும் தாமாகவே கற்றார். ஜப்பான் நாட்டில் அவர் ஒருமுறையும் கால்வைத்ததில்லை. அவருடைய 'கெஞ்சி' 1925 முதல் 1933 வரை ஆறு பகுதிகளாக வெளியாயிற்று. அதன் ஆங்கில நடை அத்துணை அழகுடையதாக இருந்தமையால், பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்டோடு முரசாகியை ஒப்பிட்டு எழுதியவர்கள் பலர். அந்த ஒப்புமையில் முரசாகியின் பங்கு எவ்வளவு, வேலியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காண ஜப்பானிய மொழி அறியாத மதிப்புரையாளர்க்கு வழி இருக்கவில்லை. மேலும், வேலி மூலத்தைப் பல இடங்களில் சுருக்கினார். சில இடங்களில் விரித்தார். 38-ஆம் அத்தியாயத்தை முற்றிலும் விட்டுவிட்டார்.

முதற்பகுதி வெளிவந்த ஆண்டிலேயே வர்ஜீனியா உல்ஃப் 'வோக்' இதழில் அதற்கு ஒரு மதிப்புரை எழுதினார். மேல்நாட்டார் போரிட்டும் குடிசைகளில் ஒடுங்கியும் வாழ்ந்த காலத்தில், ஒரு பெண்மணி சாளரத்தின் அருகே அமர்ந்து மலர்களையும் மனித உள்ளங்களையும் நோக்கி எழுதினாளே என்று அவர் மனம்நிறைந்து பாராட்டினார். அதே மதிப்புரையில், டால்ஸ்டாய், செர்வான்டிஸ் போன்றோரோடு முரசாகி சமமாக நிற்கமாட்டாள் என்றும் தீர்ப்புக் கூறினார். அவர் கையில் இருந்தது முதற்பகுதி மட்டுமே. நூலின் துயரம் கனத்துவரும் பிற்பகுதி அதுவரை ஆங்கிலத்தில் அச்சேறவில்லை. நுண்ணறிவு மிக்க ஒரு வாசகருக்கே இந்த நிலை என்றால், நாம் எத்துணை நிதானத்துடன் தீர்ப்புக் கூறவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆங்கில வேலியை எள்ளி ஒதுக்குவதும் தகாது. முரசாகியின் பழமொழிநடை இன்றைய ஜப்பானியர்க்கும் எளிதில் விளங்குவதன்று. யொசானோ அகிகோ, தனிஜாகி ஆகியோர் அதனைத் தற்கால ஜப்பானிய நடையில் பெயர்த்துத் தந்தனர். ஜப்பானிய எழுத்தாளர் மசமுனே ஹகுச்சோ, வேலியின் ஆங்கிலத்தில் படித்த பிறகே அந்நூலின் சுவையைத் தாம் உணர்ந்ததாக எழுதியிருக்கிறார். இந்த நூற்றாண்டில் வேலியின் ஆங்கிலமே மீண்டும் ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டும் இருக்கிறது. சிறந்த மொழிபெயர்ப்பு தனக்கென்று ஓர் உயிரைப் பெற்றுவிடுகிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்த தலைமுறை மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கியது போர். டொனால்ட் கீன் என்னும் அமெரிக்க மாணவர் 1940-இல் நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடையில், விலை மலிவாக இருந்தது என்பதற்காகவே, வேலியின் 'கெஞ்சி'யை வாங்கினார். 49 சென்ட் கொடுத்து வாங்கிய அந்நூல் அவருடைய வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிட்டது. பின்னர் அமெரிக்கக் கடற்படையின் ஜப்பானிய மொழிப் பள்ளியில் அவர் சேர்ந்தார். எட்வர்ட் சைடன்ஸ்டிக்கரும் அத்தகைய பயிற்சி பெற்றவரே. போர்க்களங்களில் கிடைத்த ஜப்பானியப் போர்வீரர்களின் நாட்குறிப்புகளைப் படித்துப் பொருள் காண்பது கீனுக்கு வாய்த்த பணிகளுள் ஒன்று. மாண்டுபோன பகைவன் தன் வீட்டை நினைந்து எழுதிய வரிகளைப் படித்தவருக்கு, அவன் பகைவனாகவே தோன்றுவது அரிது. போரின் தேவைக்காகக் கற்பிக்கப்பட்ட மொழி இவ்வாறு நட்பின் மொழியாயிற்று. கீன் 1955, 1956 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட இரண்டு இலக்கியத் தொகுப்புகள் பல தலைமுறை மாணவர்க்குப் பாடநூல்களாக விளங்கின.

அதே காலத்தில் நியூயார்க்கின் நாப் பதிப்பகத்தில் ஹெரால்ட் ஸ்ட்ராஸ் என்னும் பதிப்பாசிரியர் ஜப்பானிய நாவல்களைத் தொடர்ந்து வெளியிடலானார். தனிஜாகியின் நாவல் ஒன்று 1955-இலும், கவபத்தாவின் 'பனி நாடு' 1956-இலும், தனிஜாகியின் 'மக்கியோக்கா சகோதரிகள்' 1957-இலும் சைடன்ஸ்டிக்கரின் மொழிபெயர்ப்பில் வெளியாயின. மிஷிமாவின் 'பொற்கோயில்' 1959-இல் ஐவன் மாரிஸின் ஆங்கிலத்தில் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை பகைநாடாக இருந்த ஜப்பானை, மென்மையும் அழகும் மௌனமும் நிறைந்த நாடாக அமெரிக்க வாசகர் இந்நூல்களில் கண்டனர்.

இந்தத் தேர்வில் ஒரு சாய்வு இருந்தது என்பதை மறக்கலாகாது. கொபயாஷி தகிஜி 1929-இல் எழுதிய 'நண்டுக் கப்பல்' என்னும் நாவல், வடகடலில் நண்டு பிடித்து டப்பாவில் அடைக்கும் கப்பலின் தொழிலாளர் படும் கொடுமைகளைக் கூறுவது. அதன் ஆசிரியர் 1933-இல் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி உயிர் துறந்தார். அவ்வாண்டிலேயே அதன் ஒரு பகுதி ஆங்கிலத்தில் வந்ததாயினும், முழுநூல் 1973-இல்தான் வந்தது. பெண் எழுத்தாளர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. என்ச்சி ஃபுமிகோவின் 'காத்திருந்த ஆண்டுகள்' 1971-இல்தான் ஆங்கில வாசகர்க்குக் கிட்டியது. எனவே, 'ஜப்பானிய நாவல் அரசியலைத் தீண்டாதது. துயரத்தையும் அழகையும் மட்டுமே பாடுவது' என்று 1960-இல் ஒருவர் எழுதியிருந்தால், அவர் உரைத்தது பதிப்பகத்தின் அலமாரியைப் பற்றிய உண்மையே ஆகும். ஜப்பானைப் பற்றிய உண்மை ஆகாது.

இனி மொழியின் இடர்ப்பாட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'பனி நாடு' நாவலில் ஷிமமூரா என்னும் செல்வன், கொமாகோ என்னும் கெய்ஷாவைப் பாராட்டுகிறான். முதலில் அவளை நல்ல சிறுபெண் என்கிறான். பிறகு ஒரு சொல்லை மட்டும் மாற்றி நல்ல பெண் என்கிறான். உடனே அவள் சினந்து கண்ணீர் சிந்துகிறாள். ஜப்பானிய மொழியில் அந்த இரண்டாவது தொடர், உடலின்பத்திற்கு உகந்தவள் என்னும் குறிப்பையும் உள்ளடக்கியது. தன்னை அவன் என்னவாகக் கருதுகிறான் என்பது அந்த ஒரு சொல்லில் அவளுக்குப் புலனாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தக் குறிப்பு நிழலாடவில்லை. இதனைச் சைடன்ஸ்டிக்கரே ஒரு குறையாக எண்ணி எழுதியிருக்கிறார். காரணமின்றி அழுபவளாகக் கொமாகோவைக் கண்ட ஆங்கில வாசகன், 'கீழ்நாட்டுப் பெண்களின் மனம் புதிர் போன்றது' என்று எழுதிவிட்டால், மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஓர் இடைவெளியை ஒரு மக்களின் இயல்பாகக் கொண்டவன் ஆகிறான். ஒரு பெண்ணின் அவமானம் அவன் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

இவ்விடத்தில் தமிழர்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. தமிழைப் போலவே ஜப்பானிய மொழியிலும் வினை வாக்கியத்தின் இறுதியில் வரும். எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிரம்பும். மரியாதைக்கேற்பச் சொல் மாறும். 'கெஞ்சி'யில் பெரும்பாலோர்க்கு இயற்பெயரே இல்லை. பதவியாலும் மரியாதைச் சொல்லாலுமே இன்னார் என்று அறியக் கிடக்கிறது. நத்சுமே சோசெகியின் 1914-ஆம் ஆண்டு நாவலின் தலைப்பு 'கொக்கோரோ'. அறிவும் உணர்ச்சியும் ஒருங்கே நிற்கும் அகத்தை அச்சொல் குறிக்கும். 1957-இல் அதனை மொழிபெயர்த்த எட்வின் மக்லெல்லன், தலைப்பை ஜப்பானிய மொழியிலேயே விட்டுவைத்தார். நம்மிடம் 'உள்ளம்' என்னும் சொல் இருக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடும் உண்டு. தமிழ் வினைமுற்று ஆண்பால் பெண்பாலையும் ஒருமை பன்மையையும் காட்டிவிடும். ஜப்பானிய வினை அவற்றைக் காட்டாது. மூலம் மறைத்துவைத்ததை ஆங்கிலம் ஓரளவு திறக்கிறது. அந்த ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கும் தமிழ் முழுவதும் திறந்துவிடுகிறது.

1968-இல் கவபத்தாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசளித்தோர் பெரும்பாலும் மொழிபெயர்ப்புகளையே நம்பியிருந்தனர். அவர்கள் சிறப்பித்துச் சொன்ன மூன்று நூல்களுள் ஒன்றான 'பழைய தலைநகர்' ஆங்கிலத்தில் 1987-இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்பே அது ஜெர்மன் மொழியில் இருந்தது. பரிசில் பாதி சைடன்ஸ்டிக்கருக்கு உரியது என்று கவபத்தா கூறினார். மொழிபெயர்ப்பாளனுக்கு ஆசிரியன் செலுத்திய நன்றிக் கடன் இதனினும் மேலாக இருக்க இயலாது.

சைடன்ஸ்டிக்கர் 1976-இலும், ராயல் டைலர் 2001-இலும், டென்னிஸ் வாஷ்பர்ன் 2015-இலும் 'கெஞ்சி'யைப் புதிதாக ஆங்கிலப்படுத்தினர். வேலி விட்ட அத்தியாயமும் இப்பொழுது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆதலால் இன்றைய வாசகர்க்கு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. ஒரே பக்கத்தை இரண்டு மொழிபெயர்ப்புகளில் படித்தால், இரண்டிலும் நிலைத்து நிற்பது எது, மாறிப்போவது எது என்பது புலனாகும். நிலைத்து நிற்பதைப் பெரும்பாலும் மூலாசிரியர்க்கு உரியதாகக் கொள்ளலாம். மாறுவதைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையை ஒருமுறை படிப்பது நன்று.

மதிப்புரை எழுதுவோர் நூலாசிரியரின் பெயரோடு மொழிபெயர்ப்பாளரின் பெயரையும், மொழிபெயர்ப்பு வெளிவந்த ஆண்டையும் குறிப்பிடுவது நம் நாட்டில் ஒரு வழக்கமாக நிலைபெற வேண்டும். நூல் முழுமையானதா, சுருக்கமா என்பதையும் அவர்கள் வாசகர்க்குச் சொல்லவேண்டும். ஒரு பாத்திரம் காரணமின்றி அழுவதாகத் தோன்றும் இடத்தில், நேயர்கள் சற்று நின்று, நமக்கு வந்துசேராத சொல் ஒன்று அங்கே இருக்குமோ என்று எண்ணிப் பார்த்தால், கொமாகோவின் கண்ணீருக்கு அதுவே நாம் செய்யும் நியாயமாகும்.