எம்மி டெஸ்டின்

எம்மி டெஸ்டின் (பெப்ரவரி 26, 1878 – ஜனவரி 28, 1930) செக் நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற ஆப்பெரா பாடகி ஆவார். செக் மொழியில் இவர் எமா டெஸ்டினோவா என அழைக்கப்படுகிறார். ஆப்பெரா என்பது கதைமாந்தரின் பேச்சு பெரும்பாலும் பாட்டாகவே அமையும் மேலைநாட்டு இசைநாடகம். அதில் பெண் குரல்களுள் மிக உயர்ந்த நிலையில் ஒலிப்பது சொப்ரானோ எனப்படும். டெஸ்டின் அவ்வகைக் குரல் உடையவர். பெர்லின், லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களின் முதன்மை அரங்குகளில் முதலாம் உலகப் போருக்கு முன் முன்னணியில் விளங்கினார். புச்சினியின் 'லா ஃபான்சுல்லா டெல் வெஸ்ட்' ஆப்பெராவின் முதல் அரங்கேற்றத்தில் நாயகியாகப் பாடியவர் இவரே.

பிறப்பும் பெயரும்

இவர் பிராக் நகரில் பிறந்தார். இயற்பெயர் எமிலியே பாவ்லீனா கிட்லோவா. அந்நாளில் பிராக் தனிநாட்டின் தலைநகரன்று. ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஒரு பகுதியாகிய பொகீமியாவின் தலைநகராக இருந்தது. பேரரசின் உயர் அலுவல்களிலும் மேடைகளிலும் செருமானிய மொழியே மேலோங்கியிருந்தது. செக் மக்கள் தம் மொழிக்கென ஒரு தேசிய அரங்கைப் பொதுமக்கள் நன்கொடையால் கட்டி 1881இல் திறந்தபோது டெஸ்டினுக்கு வயது மூன்று.

வசதியான குடும்பத்தில் பிறந்த இவர் முதலில் கற்றது வயலின். பின்னரே மரீ லோவே-டெஸ்டின் என்ற ஆசிரியையிடம் குரலிசை பயின்றார். அவ்வாசிரியையின் மீது கொண்ட மதிப்பால் அவர் பெயரின் பிற்பகுதியையே தம் மேடைப்பெயராக ஏற்றுக்கொண்டார். செக் மொழியில் பெண்களின் குடும்பப்பெயர் 'ஓவா' என்னும் விகுதி பெறும். எனவே டெஸ்டினோவா என்பது செக் வடிவம். டெஸ்டின் என்பது வெளிநாட்டு மேடைகளுக்கு ஏற்ற வடிவம். சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், இவரது வாழ்க்கையில் இது பிற்காலத்தில் பொருள் பொதிந்ததாயிற்று.

பெர்லின் ஆண்டுகள்

பிராக் நகரத் தேசிய அரங்கில் தொடக்கத்தில் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1898ஆம் ஆண்டு சூலையில் பெர்லின் அரசவை ஆப்பெராவின் மேடையில், மஸ்காஞியின் 'காவலேரியா ரஸ்டிகானா'வில் சாந்துஸா என்னும் பாத்திரத்தில் தோன்றினார். அப்போது வயது இருபதுதான். தொடர்ந்து பத்தாண்டுகள், 1908 வரை, அவ்வரங்கின் பாடகியாக இருந்தார்.

1901இல் பைரொய்த் விழாவில் வாக்னரின் 'பறக்கும் டச்சுக்காரன்' முதன்முறையாக மேடையேறியது. அதில் சென்டா என்ற நாயகியாகப் பாட டெஸ்டின் அழைக்கப்பட்டார். வாக்னரின் குடும்பத்தார் நடத்திய அவ்விழாவில் இருபத்து மூன்று வயதுச் செக் பெண்ணொருவருக்கு இவ்வாய்ப்புக் கிடைத்தது பெரும் சிறப்பாகும்.

ரிச்சர்டு ஸ்ட்ராஸின் 'சலோமே' 1906 டிசம்பரில் பெர்லினில் முதன்முறை நிகழ்த்தப்பட்டபோது தலைமைப் பாத்திரம் இவருடையது. விவிலியக் கதையை அடிப்படையாகக் கொண்ட இப்படைப்பைப் பேரரசர் இரண்டாம் வில்லியம் விரும்பவில்லை. இறுதிக் காட்சியில் வானத்தில் பெத்லகேம் விண்மீன் தோன்றுமாறு காட்டி அவரது எதிர்ப்பைத் தணித்தனர். கதையின்படி இயேசு அப்போது வளர்ந்த ஆண்மகன் என்பதை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

லண்டனும் நியூயார்க்கும்

லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் 1904 மே மாதம் மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி'யில் டோனா அன்னாவாக அறிமுகமானார். அடுத்த ஆண்டு சூலையில் புச்சினியின் 'மேடம் பட்டர்ஃபிளை' லண்டனில் முதன்முறை நிகழ்த்தப்பட்டது. அதில் இவர் நாயகியாகவும், இத்தாலியப் பாடகர் என்ரிக்கோ கரூசோ நாயகனாகவும் பாடினர். இவ்விருவரின் கூட்டு நியூயார்க்கிலும் தொடர்ந்தது.

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் ஆப்பெராவில் 1908 நவம்பர் 16 அன்று வெர்டியின் 'அயீடா'வில் தோன்றினார். உடன் பாடியவர் கரூசோ. இசைக்குழுவை நடத்தியவர் ஆர்துரோ டொஸ்கானினி. அமெரிக்காவில் அவர் நடத்திய முதல் நிகழ்ச்சியும் இதுவே.

அதே பருவத்தில், 1909 பெப்ரவரி 19 அன்று, செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனாவின் 'விலைபேசப்பட்ட மணமகள்' மெட்ரோபொலிட்டன் ஆப்பெராவில் முதன்முறையாக அரங்கேறியது. செக் மக்கள் தம் தேசிய ஆப்பெராவாகப் போற்றும் படைப்பு இது. நடத்தியவர் பொகீமியாவில் பிறந்த குஸ்தாவ் மாலர். நாயகி மாரெங்காவாகப் பாடியவர் டெஸ்டின். எனினும் அன்று பாடப்பட்டது செருமானிய மொழிபெயர்ப்பே. செக் கிராமத்துக் கதையைச் செக் பாடகி வேற்று மொழியில் பாட வேண்டியிருந்த இந்நிகழ்ச்சி, அக்காலத்தில் அம்மொழி பெற்றிருந்த இடத்தை நன்கு காட்டுகிறது.

இவரது மேடை வாழ்வின் உச்சம் 1910 டிசம்பர் 10. 'லா ஃபான்சுல்லா டெல் வெஸ்ட்' (மேற்கின் நங்கை) கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் நிகழும் கதை. மதுக்கடை நடத்தும் மின்னி என்ற பெண், தான் விரும்பும் கொள்ளையனைக் காக்க அவனைத் துரத்தும் ஷெரீப்புடன் சீட்டாடுகிறாள், ஏமாற்றியே வெல்கிறாள். மெட்ரோபொலிட்டன் ஆப்பெரா புச்சினியின் படைப்பொன்றை முதன்முதலில் அரங்கேற்றியது இதுவே முதல் முறை. நுழைவுச்சீட்டு விலை இருமடங்காக உயர்த்தப்பட்டது. புச்சினி நேரில் வந்திருந்தார். மின்னியாக டெஸ்டின், கொள்ளையனாகக் கரூசோ, ஷெரீப்பாகப் பஸ்குவாலே அமாட்டோ பாட, டொஸ்கானினி நடத்தினார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. பெரிய இசைக்குழுவின் ஒலியைத் தாண்டிக் குரல் கடைசி வரிசை வரை சென்றடைய வேண்டும். மின்னி பாத்திரம் இன்றும் சொப்ரானோக்களைக் களைப்படையச் செய்யும் பாத்திரமாகவே கருதப்படுகிறது.

இதே அரங்கேற்றத்தில் சொனோரா என்னும் சுரங்கத் தொழிலாளியாகப் பாடிய டின் ஜில்லி, அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். இவர் பல ஆண்டுகள் டெஸ்டினின் வாழ்க்கைத் துணையாக இருந்தார்.

போரும் காவலும்

1914இல் தெற்குப் பொகீமியாவில் ஸ்திராஷ் நாத் நெஜார்கோவ் என்ற ஊரிலுள்ள மாளிகையை டெஸ்டின் வாங்கினார். அவ்வாண்டே போர் மூண்டது. செக் நாட்டு விடுதலைக்காக வெளிநாடுகளில் இயங்கியவர்களுடன் இவருக்குத் தொடர்பு இருந்தது. 1916இல் அமெரிக்காவிலிருந்து தாயகம் திரும்பியபோது ஆஸ்திரிய அதிகாரிகள் இவரது கடவுச்சீட்டைப் பறித்தனர். போர் முடியும் வரை தம் மாளிகையில் காவலில் வாழ நேர்ந்தது. ஜில்லியும் எதிரி நாட்டுக் குடிமகன் என்பதால் தடுத்து வைக்கப்பட்டார்.

வெளிநாட்டு மேடைகள் அடைபட்ட நிலையில், உள்நாட்டில் அனுமதி கிடைத்தபோது செக் மக்களுக்காகப் பாடினார். எமா டெஸ்டினோவா என்ற செக் வடிவத்தையே இக்காலத்திலிருந்து விரும்பிப் பயன்படுத்தினார்; 1919இல் கோவன்ட் கார்டன் மேடைக்குத் திரும்பியபோதும் அப்பெயரையே தாங்கிச் சென்றார்.

இதற்கு இவர் தந்த விலை சிறிதன்று. முப்பத்தெட்டு வயது முதல் நாற்பது வயது வரையிலான ஆண்டுகள் சொப்ரானோ ஒருவருக்குத் திரும்பக் கிடைக்காதவை. நியூயார்க்கில் 1916இல் கிளாடியா மூசியோவும் 1918இல் ரோசா பொன்செலும் அறிமுகமாகி, இவர் பாடிய வகைப் பாத்திரங்களை ஏற்றிருந்தனர். டெஸ்டின் 1919 இறுதியில் மெட்ரோபொலிட்டன் ஆப்பெராவுக்குத் திரும்பினாலும் பழைய குரல் வளம் குன்றியிருந்தது. 1921க்குப் பின் அங்கு அவர் பாடவில்லை.

பிற்காலம்

விடுதலை பெற்ற செக்கோஸ்லோவாக்கியாவில் இவருக்குத் தகுந்த பொறுப்பு எதுவும் அளிக்கப்படாதது வியப்பளிக்கிறது. 1923இல் தம்மைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவரான ஆஸ்திரிய வான்படை அலுவலர் யோசெப் ஹால்ஸ்பாக்கை மணந்தார். மாளிகையில் தங்கிக் கவிதை, நாடகம், புதினம் எழுதினார். நெஜார்கா ஆற்றில் மீன்பிடிப்பதில் இவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. 1930 ஜனவரி 28 அன்று செஸ்கே புதேயோவிட்சே நகரில் பக்கவாதத்தால் காலமானார். பிராக் விஷெஹ்ராட் கல்லறைத் தோட்டத்தில் செக் நாட்டுப் பெருமக்களுக்குரிய ஸ்லாவீன் நினைவிடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இசைத்தட்டுகளும் நினைவும்

டெஸ்டின் ஏராளமான இசைத்தட்டுகளைப் பதிவு செய்துள்ளார். 1908இல் பெர்லினில் 'கார்மென்', 'ஃபௌஸ்ட்' ஆகிய ஆப்பெராக்கள் செருமானிய மொழியில் முழுமையாகப் பதிவு செய்யப்பட்டபோது இரண்டிலும் நாயகியாகப் பாடினார். 1914இல் கரூசோவுடன் கார்லோஸ் கோமெஸின் 'இல் குவரானி'யிலிருந்து ஓர் இருவர் பாடலைப் பதிவு செய்தார். ஒலிவாங்கி இல்லாமல் பெரிய ஊதுகுழல் முன் நின்று பாடிப் பதிந்தவை இவை. அம்முறை சொப்ரானோக் குரலின் மேல் ஒலிகளைப் பெருமளவு இழந்துவிடும். எனவே இத்தட்டுகளைக் கேட்போர் முழுக் குரலையும் கேட்பதாக எண்ணலாகாது. மெல்லிய உச்ச ஒலியை நீட்டிப் பிடிக்கும் இவரது திறனை அவற்றிலும் உணர முடிகிறது.

யிர்ஷீ க்ரெய்ச்சீக் இயக்கிய 'தெய்வீக எமா' என்ற செக் திரைப்படம் 1979இல் வெளிவந்தது. இவரது போர்க்கால வாழ்வைக் கூறும் இப்படத்தில் போசிதாரா துர்சோனோவோவா நடித்தார். பாடல்களுக்குக் குரல் கொடுத்தவர் சொப்ரானோ கப்ரியேலா பெனாச்கோவா. செக் குடியரசின் 2000 கொருனா நாணயத்தாள் 1996 முதல் டெஸ்டினின் உருவப்படத்துடன் வெளியிடப்படுகிறது. 6583 என்ற எண்ணுடைய சிறுகோளுக்கும் இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.