பிள்ளையில்லாதவர்கள் வைத்த காடு

நம் ஊரில் மாங்கன்று வைக்கிறவனும் பலாக்கன்று வைக்கிறவனும் பேரனை நினைத்துக்கொண்டுதான் வைக்கிறான். கல்யாணமே வேண்டாமென்று மலையேறிவிட்ட சந்நியாசிகள் யாரை நினைத்து மரம் வைத்தார்கள்? இத்தாலியிலுள்ள கமால்டோலி மடத்தின் சரித்திரத்தைப் படித்த நாள்முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

மடத்தை ஸ்தாபித்தவர் ரோமுவால்டு. ராவென்னா நகரத்துப் பிரபு வீட்டுப் பிள்ளை. இருபது வயதில், தகப்பனார் உறவினர் ஒருவரோடு வாட்போர் செய்து அவரைக் கொன்றதைக் கண்ணால் பார்த்தார். தகப்பன் செய்த பாவத்துக்குப் பிள்ளை பிராயச்சித்தம் செய்யப் போனான். நாற்பது நாளைக்கென்று மடத்துக்குள் நுழைந்தவன் வீடு திரும்பவேயில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்! ஆனால் நான் சொல்ல வந்தது காட்டைப் பற்றி.

அந்த ரோமுவால்டு தம் முதிய வயதில், டஸ்கனி மாகாணத்து அப்பென்னைன் மலையில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் சில குடில்களைக் கட்டினார். 1012-ஆம் வருஷம் என்பது மடத்தார் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. குடிலுக்கு ஒரு துறவி. ஒவ்வொரு குடிலுக்கும் மதில் சூழ்ந்த சிறு தோட்டம். அதற்கப்பால் காடு. பேச்சைக் குறைத்துத் தனித்திருக்க வந்தவர்களுக்கு அந்தக் காடுதான் கோட்டை மதில். மரத்தை வெட்டினால் உலகம் உள்ளே வந்துவிடும். அவர்கள் காட்டைக் காத்ததன் முதற்காரணம் இதுவே. பட்சி, பூ, நிலா என்று உருகியவர்கள் அல்லர்.

பிற்பாடு வந்தவர்கள் இதற்கு வேதத்திலும் ஆதாரம் கண்டார்கள். ஏசாயா தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் கடவுள் நடுவதாக ஏழு மரங்களைச் சொல்கிறார். மடத்தின் பழைய ஒழுக்க நூலொன்று அந்த ஏழுக்கும் ஏழு நற்குணங்களைப் பொருத்தி, துறவி அந்த மரங்களாகவே ஆகவேண்டும் என்கிறது. மரத்தை உபமானமாகச் சொல்லிவிட்டு மரத்தையே மறந்துபோகிற பக்தர்கள் உண்டு. இவர்கள் மறக்கவில்லை.

1520-இல் பாவ்லோ ஜூஸ்தினியானி என்ற துறவி தொகுத்த விதிநூல் மடத்திலேயே அச்சாயிற்று. ஜபதபங்களுக்கு விதி சொல்லும் அதே நூலில் ஃபர் மரங்களைப் பராமரிக்கவும் விதி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஜோடிக்கிறார்களே, அந்த ஜாதி ஊசியிலை மரம். வருஷந்தோறும் நாலாயிரம், ஐயாயிரம் கன்றுகள் நடவேண்டும். தனியொருவர் இஷ்டத்துக்கு வெட்டக்கூடாது. சபை கூடிச் சம்மதிக்கவேண்டும். மரம் வெட்டுவதை வோட்டுக்கு விட்டிருக்கிறார்கள்! அந்த மரம் நன்கு முற்ற நூறு வருஷமாகும். நட்டவன் கல்லறைக்குப் போய், அவனைப் புதைத்தவனும் போன பிறகே கோடரி வரும்.

கோடரி வந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. மாடுகள் கட்டைகளை மலையிலிருந்து இழுத்துவர, ஆர்னோ நதியில் தெப்பமாக மிதந்து அவை ஃபிளாரென்ஸுக்கும் பீசாவுக்கும் போயின. கட்டடங்களுக்கு உத்தரமாயின, கப்பல்களுக்குப் பாய்மரமாயின. வருமானத்துக்காகவும் அழகுக்காகவும் ஃபர் மரத்தையே பெருக்கியதில், பீச் மரமும் ஃபரும் கலந்து வளர்ந்த இயற்கைக் காடு பல இடங்களில் ஒரே ஜாதித் தோப்பாயிற்று. புயலுக்கும் நோய்க்கும் அத்தகைய தோப்பு எளிதில் இரையாகும் என்கிறார்கள் வனநூல் வல்லார். துறவிகளின் கணக்கிலும் தப்பு உண்டு.

1967-இல் லின் வொய்ட் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியர், பூமியை ஆள மனிதனுக்கு உரிமையுண்டு என்ற கிறிஸ்தவப் போதனையே இயற்கையின் சீர்குலைவுக்கு வேர் என்று எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பினார். கட்டுரையின் கடைசியில் அவரே அசிசி நகரத்து பிரான்சிஸைக் காட்டி, இவரைப் பின்பற்றலாமே என்றார். 1979-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், சூழலியலுக்குப் பாதுகாவலராக அந்த பிரான்சிஸையே அறிவித்தார். 2015-இல் பாப்பரசர் பிரான்சிஸ் பூமியைப் பேணுவது குறித்து எழுதிய சுற்றுமடலைப் பார்த்து, சபைக்கு இது புதுக் கவலை என்றவர்கள் உண்டு. வொய்ட் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் கமால்டோலியின் விதிநூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வழக்கு அவ்வளவு சுலபமில்லை.

1866-இல் புதிய இத்தாலிய அரசு மடங்களைக் கலைத்துச் சொத்துக்களைப் பறிமுதல் செய்தது. எண்ணூறு வருஷத்துக்கு மேல் காத்த காடு ஒரு சட்டத்தில் கைமாறிற்று. பிற்பாடு துறவிகள் குடில்களுக்குத் திரும்பினார்கள், காடு திரும்பவில்லை. 1993 முதல் அது தேசியப் பூங்காவின் ஒரு பகுதி.

குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரையில் 1950-இல் ஏற்பட்ட சாந்திவனம் ஆசிரமத்தைப் பார்த்தவர்கள் நம்மில் இருப்பார்கள். பீட் கிரிஃபித்ஸ் அடிகள் இருந்த காலத்தில், 1980-களில், அது இந்தக் கமால்டோலி சபையோடு இணைந்தது. அங்கே மலைமேல் வெள்ளை அங்கி, இங்கே ஆற்றங்கரையில் காவி. இங்கேயும் பெயரில் ஒரு வனம் இருக்கிறது.