காரின் விலை இறங்கும், பிரேக்கின் விலை இறங்காது

கடந்த வருடம் எங்கள் மகன் பாவித்த பிஎம்டபிள்யூ எம்3 கார் ஒன்றை வாங்கினான். நான்கு வருடம் வேலை செய்து சேர்த்த பணம் பாதி, வங்கிக் கடன் பாதி. வீட்டில் எல்லோரும் வழமையான கேள்விகளைக் கேட்டோம். எஞ்சின் நல்லதா, எத்தனை மைல் ஓடியிருக்கிறது, காப்புறுதி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டவேண்டும். பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாவது மாதம் வருடாந்தப் பரிசோதனை வந்தது. நான்கு சில்லுகளிலும் டிஸ்க்கும் பாட்டும் மாற்றவேண்டும் என்று 2,200 பவுணுக்கு ஒரு விலைச்சீட்டைத் தந்தார்கள். "பிரேக் மாற்ற இவ்வளவு காசா? பெடியனை ஏமாற்றுகிறார்கள்" என்பதுதான் எங்கள் வீட்டில் முதலில் வந்த வார்த்தை.

பிறகு வேறு இரண்டு கராஜ்களில் விசாரித்தோம். தொகை கொஞ்சம் குறைந்தது. ஆனால் நாம் எதிர்பார்த்த அளவுக்கு எங்கும் குறையவில்லை. எவரும் ஏமாற்றவில்லை என்பதும், கேட்கவேண்டிய கேள்வியை நாம்தான் கேட்காமல் விட்டோம் என்பதும் அப்போதுதான் விளங்கியது. லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் எம் பிள்ளைகள் பலர் இப்படியான வேகக் கார்களைப் பாவித்த விலையில் வாங்குகிறார்கள். கடன் பத்திரத்தில் பெற்றோரும் கையெழுத்து வைக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று, நாம் தேடி அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பிரேக் செய்யும் வேலை

ஓடும் காரின் வேகத்தைப் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுத்தான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்தான் பாட். பாட்டைத் தாங்கி அழுத்தும் கவ்வியைக் கலிப்பர் என்பார்கள். மிதியை மிதித்ததும் பிரேக் எண்ணெயின் அழுத்தம் கலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்களைத் தள்ளுகிறது. பாட் டிஸ்க்கில் உரசுகிறது, வெப்பம் பிறக்கிறது, கார் நிற்கிறது.

வேகம் இரண்டு மடங்கானால் இந்த வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆளோடு 1,600 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முற்றாக நிற்கும்போது ஏறத்தாழ 617 கிலோஜூல் சக்தி வெப்பமாகிறது. கிட்டத்தட்ட இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதே கார் 200 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நின்றால் ஏழு லீற்றருக்கு மேல் கொதிக்கும். அவ்வளவு வெப்பமும் சில விநாடிகளுக்குள் நான்கு தட்டுகளுக்குள் இறங்கவேண்டும். ஜேர்மனியின் நெடுஞ்சாலையில் 200 இல் போகவும் திரும்பத் திரும்ப நிற்கவும் என்று வடிவமைத்த காருக்கு, கடைக்குப் போய்வரும் காரின் பிரேக் போதாது.

பணம் எங்கே போகிறது

2014 இல் வந்த எஃப்80 வகை எம்3 காரை எடுத்துக்கொள்வோம். அதன் முன் டிஸ்க்கின் விட்டம் 380 மில்லிமீற்றர். சிறிய கார் பலவற்றில் சில்லின் இரும்பு வளையமே அந்த அளவுதான் இருக்கும். டிஸ்க் ஒரே வார்ப்பாகவும் செய்யப்படவில்லை. உரசும் வளையம் வார்ப்பிரும்பு, நடுப்பகுதி அலுமினியம், இரண்டையும் ஊசிகள் இணைக்கின்றன. வெப்பத்தில் இரும்பு விரியும்போது டிஸ்க் கோணாமல் இருக்கவும் எடை குறையவும் இந்த ஏற்பாடு. காற்று புகுந்து குளிர வைக்க உள்ளே இடைவெளியும் மேற்பரப்பில் துளைகளும் உண்டு. இதனால் செய்கூலி கூடுகிறது. இப்படியான டிஸ்க் பெரும்பாலான வேறு கார்களுக்குப் பொருந்தாது என்பதால் குறைந்த எண்ணிக்கையிலேயே செய்கிறார்கள். விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

பாட்டும் பெரியது. கூடிய வெப்பத்திலும் பிடி விடாத கலவையால் ஆனது. அந்தக் கலவை டிஸ்க்கையும் சேர்த்துத் தின்னும். பாட் தேய்ந்ததை அறிவிக்கும் உணரிக் கம்பி ஒன்று உண்டு. அது ஒருமுறை அறுந்து எச்சரித்தால் புதிது போடவேண்டும். கைப்பிரேக் மின்சாரத்தில் இயங்கும் கார் என்றால், பின் பிரேக்கைக் கழற்றமுன் கணினியை இணைத்து அதைத் திருத்த நிலைக்குக் கொண்டுவரவேண்டும். அப்படிச் செய்யாமல் பிஸ்டனைத் தள்ளினால் மோட்டார் பழுதாகும்.

கூலியும் வரியும் இவற்றுக்கு மேல் வருகின்றன. பிரித்தானியாவிலும் பிரான்சிலும் பெறுமதி சேர் வரி 20 வீதம், ஜேர்மனியில் 19 வீதம், ஒன்ராறியோவில் விற்பனை வரி 13 வீதம். சிறிய கார் ஒன்றின் முன் பக்க டிஸ்க்கையும் பாட்டையும் தனியார் கராஜில் மாற்ற ஏறத்தாழ 200 முதல் 300 பவுண் முடியும் என்றால், எம்3 போன்ற காருக்கு அதே வேலை பல இடங்களில் 1,000 பவுண் அளவில் வந்து நிற்கிறது.

ஊர்க் கணக்கு இங்கே சரிவராது

எம் தலைமுறைக்கு இந்தத் தொகை அதிர்ச்சி தருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊரில் பிரேக் தேய்ந்தால் லைனர் மட்டும் மாற்றி அடிப்போம். இரும்பு பழையதே இருக்கும். டிஸ்க் கோடு விழுந்தால் கடைசல் பட்டறையில் கொடுத்துச் சீவி எடுப்போம். அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் "டிஸ்க் எதற்கு, பாட் மட்டும் போடு" என்கிறோம்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் ஆகக் குறைந்த தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான கார்களில் புதிய தடிப்புக்கும் அந்த எல்லைக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர்தான் இடைவெளி. வேகக் காரில் பாட் தேய்ந்து முடியும் வேளையில் டிஸ்க்கும் அந்த எல்லையை நெருங்கிவிடும். சீவுவதற்கு அதில் மிச்சம் இருக்காது. எல்லைக்குக் கீழே போன டிஸ்க் வெப்பத்தைத் தாங்காது, வெடிப்பு விழும். கனடா, நோர்வே போன்ற நாடுகளில் வீதிக்குப் போடும் உப்பு வேறு இரும்பை அரிக்கும். வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் காரில் தேய்வைவிடத் துருவே முந்திக்கொள்ளும்.

செராமிக் பிரேக் இருந்தால்

சில கார்களில் டிஸ்க் இரும்பால் ஆனதல்ல. கார்பன் இழையைப் பிசினோடு சேர்த்து அச்சில் வார்த்து, காற்றுப் புகாத உலையில் சுட்டு, பிறகு 1,400 பாகைக்கு மேல் உருக்கிய சிலிக்கனை அதற்குள் ஊறவைத்துச் செய்கிறார்கள். ஒரு டிஸ்க் முடிய வாரக்கணக்காகும். போர்ஷே நிறுவனம் 2001 இல் 911 ஜிடி2 காரில் இதைப் பொருத்தியது. இரும்பின் ஏறத்தாழ பாதி எடைதான், துருப்பிடிக்காது, வெப்பத்தில் பிடி தளராது. சாதாரணமாக ஓட்டுபவரிடம் இரும்பைவிடப் பல மடங்கு காலம் உழைக்கும்.

ஆனால் நான்கையும் மாற்ற நேர்ந்தால் 10,000 பவுணைத் தாண்டுவது புதுமையல்ல. சில்லைக் கழற்றும்போது ஓரத்தில் இடித்து ஒரு துண்டு உடைந்தாலே டிஸ்க் வீணாகலாம். இதன் தேய்வு கண்ணுக்குத் தெரியாது. தடிப்பு அப்படியே இருக்க, உள்ளே கார்பன் எரிந்து எடை குறையும். அதனால் டிஸ்க்கில் பொறித்துள்ள ஆகக் குறைந்த எடையோடு தராசில் வைத்து ஒப்பிடவேண்டும். கலிப்பரின் நிறம் ஒரு அடையாளம். எஃப்80 எம்3 காரில் நீலம் என்றால் இரும்பு, தங்க நிறம் என்றால் செராமிக். போர்ஷேயில் மஞ்சள் என்றால் செராமிக். நிறத்தைப் பூசி மாற்றவும் முடியும் என்பதால் டிஸ்க்கையே பார்த்து உறுதிப்படுத்துவது நல்லது.

இறங்காத விலை

எஃப்80 எம்3 காரின் விலை புதிதாக 56,000 பவுணுக்கு மேல். இன்று அதில் ஏறத்தாழ பாதிக்கும் அதற்குக் கீழும் கிடைக்கிறது. பாதி விலைக்கு வாங்கினோம் என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அதன் டிஸ்க் பாதி விலைக்கு வருவதில்லை. புதிய கார் வாங்கக்கூடியவருக்கு என்று நிர்ணயித்த விலையில்தான் பாகங்கள் தொடர்ந்து விற்கப்படுகின்றன. கார் 15,000 பவுணுக்கு இறங்கினாலும் பிரேக் அதே 2,000 தான். முதல் உரிமையாளருக்கு அது சிறு செலவு. மூன்றாவது உரிமையாளரான எம் பிள்ளைக்கு அது ஒரு மாதச் சம்பளம்.

முன்னைய உரிமையாளர் விற்ற காரணமும் சிலவேளை இதுவே. பெரிய திருத்தம் நெருங்கும்போது காரைக் கைமாற்றுவது உலக வழக்கம்.

வாங்கமுன் பார்க்கவேண்டியவை

சில்லுக் கம்பிகளுக்கு இடையால் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் நகத்தை வைத்தால் தடுக்கும் வரம்பு இருந்தால் அது நன்றாகத் தேய்ந்திருக்கிறது. துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் உண்டா என்று கவனியுங்கள். புதிய பாட் பொதுவாக 10 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கும். 3 மில்லிமீற்றரில் மாற்றுவது நல்லது. பிரித்தானியப் பரிசோதனையில் 1.5 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் ஆபத்தான குறை என்று பதிவார்கள், காரை ஓட்டிச் செல்லக்கூடாது.

பிஎம்டபிள்யூ கார்களின் திரையில் முன், பின் பிரேக்குகள் இன்னும் எவ்வளவு தூரம் ஓடும் என்று காட்டும். அதை யாரும் திரும்ப முதலிலிருந்து தொடக்கிவிடலாம் என்பதால் கண்ணால் பார்ப்பதையே நம்புங்கள். வேகத்தில் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் காரணம் கேளுங்கள். காரைப் பேசி முடிக்கமுன் ஒரு கராஜில் அந்தக் காருக்கான பிரேக் விலையை எழுத்தில் வாங்கி, விலை பேசும்போது முன்னால் வையுங்கள். எங்கள் வீட்டில் இதை மட்டும் செய்திருந்தால் 1,000 பவுணாவது குறைத்திருக்கலாம்.

எங்கே சிக்கனம், எங்கே கூடாது

காரின் நிறுவன விற்பனையகத்தில்தான் மாற்றவேண்டும் என்று சட்டம் இல்லை. தனியார் கராஜில் வழமையான பராமரிப்புச் செய்ததற்காக உத்தரவாதத்தை மறுக்க முடியாதபடி ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் போட்டிச் சட்ட விதிகள் உள்ளன. பற்றுச்சீட்டை மட்டும் பத்திரப்படுத்துங்கள். கார் நிறுவனங்களுக்குப் பாகம் செய்யும் பிரெம்போ, டெக்ஸ்ரார், பஜிட் போன்றவை தம் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன, அவை மலிவு. ஐரோப்பாவில் பாட் பெட்டியில் ஆர்90 அங்கீகாரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் பாதி விலைக்கு வரும் முத்திரை பெயரை நம்பவேண்டாம், போலிப் பாகங்கள் உலவுகின்றன.

பாட்டைக் காலத்தோடு மாற்றுவதும் சிக்கனம்தான். கடைசிவரை விட்டால் பாட்டின் இரும்புத் தகடு டிஸ்க்கைக் கீறி இரண்டையும் அழிக்கும். ஒரு அச்சின் இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றவேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் இழுக்கும். புதிது போட்டபின் முதல் சில நூறு கிலோமீற்றருக்கு அவசரமின்றிக் கடும் மிதி மிதிக்காதீர்கள்.

பிரேக் எண்ணெயை மறக்கவேண்டாம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் 230 பாகை வரையாவது கொதிக்காமல் இருக்கவேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகி மிதி வெறுமையாகக் கீழே போகும். சுவிசில் மலைக் கணவாய் இறங்கும்போது மிதியிலேயே காலை வைத்திராமல் கியரைக் குறைத்து இறங்கச் சொல்வது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுவது சிறு செலவு.

எங்கள் மகன் கடைசியில் ஒரு தனியார் கராஜில் 1,650 பவுணுக்கு முழு வேலையையும் செய்வித்தான். பணம் சேரும்வரை மூன்று வாரம் பேருந்தில் வேலைக்குப் போனான். காரை அப்படியே ஓட்டலாம் என்று நண்பர்கள் சொன்னதை அவன் கேட்கவில்லை. அதில் எமக்கு நிம்மதி. இப்போது மாதம் 60 பவுண் தனியாக எடுத்து வைக்கிறான். மூன்று வருடத்தில் 2,160 பவுண் சேரும், அடுத்த பிரேக்குக்குப் போதும். உங்கள் பிள்ளையும் இப்படியொரு கார் வாங்க ஆசைப்பட்டால், மாதக் கட்டுப்பணத்தோடு இந்த 60 பவுணையும் கூட்டிப் பாருங்கள். அதையும் சேர்த்துக் கட்ட முடியும் என்றால் சந்தோசமாகக் கையெழுத்து வையுங்கள்.