டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: இனங்களின் உயரமும் உருவளவும்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் ஓர் இனத்தின் உருவளவு உடலைவிட ஆட்டக்கட்டத்தையே அதிகம் சார்ந்தது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஹாஃப்லிங் சுமார் 3 அடி உயரம், 40 பவுண்டு எடை; அது சிறிய உருவளவு. 4 அடி டுவார்ஃபும் 7 அடிக்கு மேற்பட்ட கோலியாத்தும் ஒரே நடுத்தர வகுப்பில் நிற்கின்றன. மூன்றுக்கும் சண்டையில் கிடைப்பது அதே 5 அடிச் சதுரம். பெரிய உருவளவு என்றால் 10 அடிச் சதுரம். 5 அடி அகலச் சுரங்கப்பாதையில் அத்தகைய பாத்திரம் உடலை ஒடுக்கிக்கொண்டுதான் நகர முடியும். கோலியாத்தை நடுத்தரத்தில் நிறுத்தி, சுமை தூக்குவதில் மட்டும் ஒரு படி பெரியதாகக் கணக்கிட்டது அதனால்தான் பொருத்தமாகிறது.

மூன்றடி ஹாஃப்லிங்கும் வலிமை மதிப்பில் 20-ஐ எட்டலாம் என்பது இயற்கைக்கு முரண் என்று ஆட்சேபிப்பார்கள். நியாயமான கேள்விதான். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு உடலைப் பொருட்படுத்தியது: சிறிய பாத்திரத்துக்கு முக்கால் பங்கு சுமை, சிறிய ஆயுதம், ஈடாகத் தாக்குதலிலும் தற்காப்பிலும் ஒரு புள்ளி கூடுதல். ஆனால் ஹாஃப்லிங்கின் வலிமையிலும் 2 குறைத்ததால், ஒரே குறைக்கு இருமுறை தண்டம் விழுந்தது. ஐந்தாம் பதிப்பு கனமான ஆயுதத்தில் மட்டும் தடை வைத்தது: இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். 2024 விதிகள் அதையும் உருவளவிலிருந்து பிரித்து, கனமான கைச்சண்டை ஆயுதத்துக்கு வலிமை 13 என்று நிர்ணயித்தன. இதுவே நேர்மையான அளவுகோல். தன்னைவிடப் பெரிய எதிரி நிற்கும் சதுரத்தின் ஊடே ஹாஃப்லிங் நுழைந்து போகும் விதியோ இன்றும் இருக்கிறது. குட்டை உடலை ஆட்டக்காரர் மெய்யாகவே உணர்வது அங்கேதான்.