வில்லை

சந்தன வில்லை, கற்பூர வில்லை, மருந்து வில்லை என்று தட்டையான சிறு வட்டத்தைச் சொல்லிவந்த சொல் இது. ஒளியை வளைக்கும் கண்ணாடிக்கும் அதுவே பெயராயிற்று. ‘லென்ஸ்’ என்பதோ லத்தீனில் பருப்பு. கடைகளில் விற்கும் மைசூர்ப் பருப்பைத் தோலோடு, உடைக்காமல் பார்த்தால் நடு தடித்து ஓரம் மெலிந்த குவிவு வில்லை அப்படியே தெரியும்.

அந்த உருவம்தான் வேலையைச் செய்கிறது. ஒரு புள்ளியிலிருந்து விரியும் கதிர்கள் வில்லையில் முறிந்து மறுபுறம் ஒரே புள்ளியில் கூடுகின்றன. கூடுமிடத்தில் திரை இருந்தால் விம்பம் தெளிவு. 10 சென்ரிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லைக்கு முன் 30 சென்ரிமீற்றரில் மெழுகுதிரியை வைத்தால், திரை மறுபுறம் 15 சென்ரிமீற்றரில் நிற்க வேண்டும். அதை முன்பின் நகர்த்தினால் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாகப் பரந்து, சுடரின் விளிம்பு கரைந்துவிடும்.

இலங்கைப் பாடநூல்களின் முறிவு, தெறிப்பு, விம்பம் ஆகியவை தமிழகத்தில் விலகல், எதிரொளிப்பு, பிம்பம். இவற்றில் ‘முறிவு’ அருமையான சொல்: எல்லையில் கதிர் சட்டென்று திசை மாறுவதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இரு கரை நூல்களையும் புரட்டும் பிள்ளைகளுக்கு இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.