யப்பானியச் சித்திரக்கதைகள் திரையேறிய வரலாறு

நூலொன்று திரைப்படமாகும்போது எம்மிடையே எழும் முதல் வினா, மூலத்துக்கு அது விசுவாசமாக இருக்கின்றதா என்பதாகும். விசுவாசம் என்ற சொல் எசமானுக்கும் வேலையாளுக்குமுள்ள உறவுக்குப் பொருந்தலாம். கலைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஐயத்துக்குரியது. எமது பழைய இலக்கண நூலார் இவ்விடயத்தில் எம்மிலுந் தெளிவாக இருந்தனர். முதனூலின் வழிவந்ததை வழிநூல் என்றும், அது தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படும் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். வழிநூல் என்பதனாலேயே ஒரு நூலை இழிவாகக் கருதினாரல்லர். ஆனால், எதைத் தொகுப்பது, எதை விரிப்பது என்பதை யார் தீர்மானிக்கின்றனர், எவருடைய பணத்தில், எத்தனை நாளில் தீர்மானிக்கின்றனர் என்ற வினாக்கள் ஏட்டுச்சுவடிக் காலத்தில் எழவில்லை. அவை இயந்திர உற்பத்திக் காலத்துக்குரியவை.

இவ்வினாக்களுக்கு விடைகாண யப்பானைப் போன்ற களம் வேறொன்றில்லை. மங்கா என அந்நாட்டார் வழங்கும் சித்திரக்கதைகளும், நாவல்களும், அனிமே எனப்படும் அசையுஞ்சித்திரப் படங்களாக அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மாற்றப்பட்டு வருகின்றன. எமது மாணவரும் இன்று கைத்தொலைபேசியில் அவற்றைப் பார்க்கின்றனர். அவற்றின் மூலநூல்களைக் கையிலெடுத்தவர் மிகச் சிலரே. பார்ப்பவர் எதைப் பெறுகின்றனர், எதைப் பெறாது விடுகின்றனர் என்பது ஆதலால் வெறும் இரசனைப் பிரச்சினை மட்டுமன்று.

1963ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதி பூஜி தொலைக்காட்சியில் 'இரும்புக்கை அத்தோம்' ஆரம்பமாயிற்று. வாரந்தோறும் அரைமணி நேரம் என்ற ஒழுங்கில் அந்நாட்டில் வெளிவந்த முதலாவது அசையுஞ்சித்திரத் தொடர் இதுவே. மூலத்தை வரைந்தவரும் படமாக்கியவரும் ஒருவரே: தெசுக்கா ஒசாமு. 1952 முதல் சிறுவர் மாத இதழொன்றில் அவர் வரைந்துவந்த கதை அது. மகனை விபத்தொன்றில் இழந்த விஞ்ஞானி அவனது சாயலில் இயந்திரச் சிறுவன் ஒருவனை ஆக்குகிறான். அச்சிறுவன் வளரமாட்டான் என்பதைக் கண்டதும் அவனைச் சர்க்கசுக்கு விற்றுவிடுகிறான். விற்கப்பட்டு, மனிதருக்காக உழைத்து, மனிதராக மட்டும் மதிக்கப்படாத ஓர் உயிரின் துயரமே அம்மங்காவின் அடிநாதம்.

தொலைக்காட்சி அதை என்ன செய்தது? திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. நிறைவான அசைவு வேண்டின் வினாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்களாவது வேண்டும். வாரமொரு படம் முடிக்க வேண்டிய தெசுக்காவின் முஷி நிறுவனமோ ஒரு சித்திரத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தியது. உடல் அசையாதிருக்க வாய் மட்டும் அசைந்தது. ஒருமுறை வரைந்த பறக்குங் காட்சி சேமித்து வைக்கப்பட்டு வேறு வாரங்களிலும் பயன்பட்டது. அதற்கு மேலாக, தெசுக்கா தமது தொடரைத் தயாரிப்புச் செலவிலுங் குறைந்த விலைக்குத் தொலைக்காட்சி நிலையத்துக்கு விற்றார். குறைந்த தொகையை, அத்தோமின் உருவம் பதித்த பண்டங்களும் அமெரிக்காவுக்கு விற்ற உரிமையும் ஈடுசெய்யும் என்பது அவர் கணக்கு. அனுசரணையாளரான மெய்ஜி இனிப்புப்பண்ட நிறுவனத்தின் சொக்கிலேற்றோடு அத்தோமின் ஒட்டுப்படங்கள் வீடுவீடாகச் சென்றன. அவ்வகையில் கணக்குத் தப்பவில்லை. ஆனால் அக்குறைந்த விலையே பின்வந்தோர் அனைவருக்கும் அளவுகோலாயிற்று. சித்திரம் வரையுந் தொழிலாளியின் கூலியும் அதற்கேற்பவே அமைந்தது. 1989இல் தெசுக்கா மறைந்தபோது, எங்கும் புகழுரைகள் எழுந்த வேளையில், மியசாக்கி ஹயாஓ இக்குறையை எடுத்துரைக்கத் தயங்கவில்லை. முஷி நிறுவனம் 1973இலேயே வங்குரோத்தாகியிருந்தது.

காலமும் ஒரு முதலாளியே. மாதமொரு முறை வெளிவந்த கதையை வாரமொரு முறை விழுங்கினால் கதை தீர்ந்துபோகும். தீர்ந்தது. பின்னர் மூலத்தில் இல்லாத கதைகளை எழுத்தாளர்கள் எழுதலாயினர். விற்கப்பட்ட சிறுவனின் துயரத்திலும் பறந்து பகைவரை வெல்லும் வீரனின் வெற்றி ஓங்கிற்று. 1966இன் இறுதி நாளில், 193ஆவது பகுதியில், அத்தோம் பூமியைக் காக்கச் சூரியனுட் புகுந்தான். பிள்ளைகள் அழுதனர். ஆயினும் ஒன்று கூறவேண்டும்: வறுமையினாற் பிறந்த அந்த அசையா உருவத்துக்கும் ஓர் அழகு வாய்த்தது. நிலைத்து நிற்கும் முகம், அதன் மேல் மெல்ல நகருங் கமரா, பின்னணியில் ஓசை மட்டும் என்பன மங்காவின் பக்கத்தையே திரைக்குக் கொணர்ந்த உத்திகள். யப்பானிய அசையுஞ்சித்திரத்துக்கு உலகில் தனியடையாளந் தந்தவற்றுள் அவையும் அடங்கும்.

இதற்கு மாறான பாதையொன்று தொயெய் நிறுவனத்தில் உருவாயிற்று. அங்கு தொழிற்சங்கத்திற் செயற்பட்ட இளைஞர்களான தக்காஹத்தா இசாவோவும் மியசாக்கியும், சங்கத் தோழர்களுடன் கூடிப் பேசிக் கூட்டுமுயற்சியாக ஆக்கிய படம் 1968இல் வெளிவந்த 'ஹொருஸ்'. ஐனு மக்களின் வாய்மொழிக் கதையைத் தழுவிய பொம்மலாட்ட நாடகமொன்று அதன் மூலம். நிறுவனம் அப்படத்தைத் திரையரங்குகளில் நெடுநாள் ஓடவிடவில்லை. அதன்பின் தக்காஹத்தாவுக்கு அங்கே வேறொரு திரைப்படத்தை இயக்கும் வாய்ப்புக் கிடைக்கவுமில்லை.

ஆனால் அப்பயிற்சி வீண்போகவில்லை. 1974இல் அவ்விருவரும் தொலைக்காட்சிக்காக 'அல்ப்ஸ் சிறுமி ஹைடி'யை ஆக்கினர். சுவிற்சர்லாந்தின் ஜொஹன்னா ஸ்பைரி 1880, 1881ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட நாவல் அது. 1973இல் குழுவினர் அந்நாட்டுக்கே சென்று மலைகளையும் குடிசைகளையும் நேரிற் கண்டனர். 52 வாரங்கள் என்ற நீளம் தெசுக்காவுக்குச் சுமையாயிருந்தது. தக்காஹத்தா அதையே தமது பலமாக்கினார். சிறுமி பாற்கட்டியைத் தீயில் உருக்குகிறாள். ஆடுகளுக்குப் பின்னால் ஓடுகிறாள். வைக்கோலிற் படுக்கை விரிக்கிறாள். நாவலில் ஓரிரு வரிகளிற் கடந்துசெல்லும் அன்றாட வேலை திரையில் நிமிடக்கணக்கில் விரிகின்றது. உழைப்பையும் உணவையும் இவ்வளவு மதிப்போடு நோக்கிய சிறுவர் தொடர் அரிது. ஸ்பைரியின் நாவலில் தாத்தாவின் மனமாற்றம் பெரிதும் மதபோதனையினால் நிகழ்வது. திரையில் அப்போதனை தளர்ந்து, குழந்தையின் அன்பே முன்னிற்கின்றது. விரித்தலினால் மூலத்தை வென்ற வழிநூல் இது என்பது எமது துணிபு. அவ்வெற்றிக்குப் பின்னால் ஓராண்டு முழுவதும் காட்சியமைப்பு வரைந்து மெலிந்த கைகளையும் மறக்கலாகாது.

மியசாக்கியின் 'நௌசிக்கா' வேறொரு பாடத்தைத் தருகின்றது. அவர் அதைத் திரைப்படமாக்க விரும்பியபோது, மூலநூல் இல்லாத கதைக்குப் பணம் இடமுடியாதெனக் கூறப்பட்டது. ஆகவே அவரே 1982இல் மங்காவாக வரையத் தொடங்கினார். சந்தையில் விலைபோனது என நிரூபிக்கப்பட்ட சரக்குக்கே முதல் கிடைக்கும் என்ற விதியை இதனினுந் தெளிவாகக் காட்டும் உதாரணம் கிடைப்பது கடினம். படம் 1984இல் வெளிவந்தது. மங்காவோ 1994 வரை வளர்ந்து ஏழு நூல்களாயிற்று; படம் தழுவியது அவற்றுள் ஏறத்தாழ முதலிரண்டை மட்டுமே. படத்தின் முடிவில் இளவரசி மாண்டு மீண்டெழுந்து, தீர்க்கதரிசனம் நிறைவேறுகின்றது. மங்காவின் முடிவிலோ, மாசற்ற புதிய மனிதகுலத்தை முன்னோர் விஞ்ஞானத்தினாற் பொதிந்து வைத்த கருவறையை அவளே அழிக்கிறாள். மாசுற்ற உலகில் மாசுற்ற மனிதராகவே வாழ்வோம் என்ற அவளது தெரிவு, படத்தின் அற்புதத்தைக் காட்டிலும் பன்மடங்கு கடினமானது. இடையிற் பத்தாண்டுகள் உருண்டோடியிருந்தன. படத்துக்கு அவை வாய்க்கவில்லை.

மூலம் முடியுமுன் படமாக்கும் வழக்கம் பின்னருந் தொடர்ந்தது. அரக்காவா ஹிரோமுவின் 'இரும்பு இரசவாதி' 2001இல் தொடங்கிய மங்கா. 2003இல் அதைத் தழுவிய தொடர் மூலத்தை எட்டிப்பிடித்துத் தனிவழி சென்று தன் முடிவைத் தானே கண்டது. 2009இல் அதே கதை மீண்டும் படமாகி, 2010இல் மங்கா முடிந்த அதே காலத்தில், மூலத்தின் வழியே முடிந்தது. இரண்டாவது முழுமையானது, முதலாவதன் துயரச்சுவை எமக்கு ஆழமாகப் படுகின்றது. மாணவரிடையே இதுபற்றி ஓயாத சண்டை உண்டு. இன்று பெரும்பாலான தொடர்களைப் பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், விளையாட்டுப்பொருள் வியாபாரி முதலியோர் கூடிய தயாரிப்புக் குழுக்களே பணமிட்டு நடத்துகின்றன. வரையும் நிறுவனம் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியைப் பெறுமே யன்றி இலாபத்திற் பங்கு பெறாது. மங்காவின் ஒவ்வொரு சட்டத்தையும் பிசகாது திரையேற்றும் இன்றைய 'விசுவாசம்', மூலநூலின் விற்பனையை உயர்த்த விரும்பும் பதிப்பாளரின் நலனோடு எவ்வளவு இசைந்துபோகின்றது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இனிச் சற்றுப் பின்னோக்கி, போரைப் பொருளாகக் கொண்ட இரு படைப்புகளுக்கு வருவோம். இவற்றிலேயே பிரச்சினை கூர்மையடைகின்றது.

நொசாக்கா அக்கியுக்கி 1967இல் எழுதிய 'மின்மினிகளின் கல்லறை' ஒரு சிறுகதை. 1945இன் குண்டுவீச்சின் பின் அவரது வளர்ப்புத் தங்கை பட்டினியால் மாண்டாள். கதையில் வரும் அண்ணன் தன் வாய்க்குள்ளதையும் தங்கைக்கு ஊட்டுகிறான். தாம் அவ்வாறிருக்கவில்லை என நொசாக்கா பின்னர் வெளிப்படையாகக் கூறினார். குற்றவுணர்வு எழுதுவித்த கதை அது. மூச்சுவிடாது நீளும் வாக்கியங்கள், கோபே வட்டாரப் பேச்சு, இடையிடையே கசக்கும் நகை என்பன அதன் உயிர். இவற்றைத் திரை தாங்காது. 1988இல் அதைப் படமாக்கிய தக்காஹத்தா அதற்கு முயலவுமில்லை. ஒன்பது வயதில் ஒக்கயாமா நகரின் குண்டுவீச்சினூடே ஓடித் தப்பியவர் அவர். இறந்த இரு பிள்ளைகளின் ஆவிகள் தம் கதையைத் தாமே பார்த்து நிற்பதாக அமைத்து, ஈற்றில் அவர்களைப் பிற்காலக் கோபே நகரின் விளக்குகளுக்கு எதிரே அமரவைத்தார். கரிய கோடுகளுக்குப் பதில் கபிலநிறக் கோடுகளால் உருவங்களை வரைவித்தார். வேலை முடியாமையால், நிறந்தீட்டாத சில காட்சிகளுடனேயே படம் முதலில் திரையிடப்பட்டது.

உலகெங்கும் மக்கள் அழுத படம். ஆயினும் இப்படம் போரைத் தடுக்காது என்று தக்காஹத்தாவே கூறியதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். பசியை இவ்வளவு பொறுமையோடு காட்டிய அதே படத்தில், அப்போரைத் தொடங்கியவர் எவர் என்ற வினா எழுவதில்லை. கடற்படை அதிகாரியான தந்தை எங்கோ தொலைவிலுள்ள பெருமையாகவே நிற்கிறார். அவருடைய கப்பல் எவரைச் சுடச் சென்றது என்பதைப் படம் கேட்கவில்லை. இது மூலத்திலுமுள்ள மௌனமே. ஆனால் எழுத்தின் கசப்பு நீங்கிய திரையில் அம்மௌனம் பெரிதாகின்றது.

நக்கசாவா கெய்ஜியின் 'வெறுங்கால் கென்' அவ்வினாவை உரத்துக் கேட்டது. ஆறு வயதில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பி, தந்தையையும் அக்காளையும் தம்பியையும் அன்றே பறிகொடுத்தவர் அவர். 1973இல் சிறுவர் வாரஇதழொன்றில் தொடங்கிய அம்மங்கா அங்கு நிலைக்கவில்லை. அதைத் தொடர்ந்து வெளியிட்ட ஏடுகளுள் யப்பான் பொதுவுடைமைக் கட்சி சார்ந்த சஞ்சிகையும், யப்பான் ஆசிரியர் சங்கத்தின் 'கியொய்க்கு ஹியொரொன்' என்ற ஏடும் அடங்கும். ஆசிரியராகிய எமக்கு இது தனி மகிழ்ச்சி தருவது. முதல் நூலின் பெரும்பகுதி குண்டு விழுமுன் நடப்பது: போரை எதிர்த்த தந்தையைப் பொலிஸ் பிடித்து வதைக்கிறது, அயலார் குடும்பத்தைத் துரோகி என ஒதுக்குகின்றனர், அயலில் வாழும் கொரியர் ஒருவரே அவர்களுக்குத் துணை நிற்கிறார். பின்னைய நூல்களில் யப்பானியப் படை ஆசியாவிற் புரிந்த கொடுமைகளும் சக்கரவர்த்தியின் பொறுப்பும் பேசப்படுகின்றன.

1983இல் வெளிவந்த படத்துக்கு நக்கசாவாவே திரைக்கதை எழுதினார். குண்டு வெடிக்குங் கணத்தைக் காட்டும் அதன் சில நிமிடங்களை எந்தப் பக்கமும் விஞ்சாது. காகிதத்தில் எமது கண் தப்பியோடலாம். அடுத்த பக்கத்தைப் புரட்டலாம். திரையில் உருகும் முகத்தின் முன் நாம் அமர்ந்திருக்கவே வேண்டும். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குட்பட்ட படத்திற் பத்து நூல்கள் அடங்கா. தந்தையின் போரெதிர்ப்புச் சொற்கள் எஞ்சின. அவற்றுக்காக அவர் அனுபவித்த சிறையும் அயலாரின் வதையும் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பின்னைய நூல்களைப் படம் எட்டவேயில்லை.

2012 டிசெம்பரில், நக்கசாவா இறந்த அதே மாதத்தில், மட்சுஏ நகரக் கல்விச் சபை இம்மங்காவை மாணவர் கைக்கெட்டாது மூடிய அலுமாரியில் வைக்குமாறு பாடசாலைகளைக் கேட்டது. காட்டப்பட்ட காரணம் படையினரின் கொடுமைகளைச் சித்திரிக்கும் பக்கங்கள், அதாவது திரையேறாத பக்கங்கள். எதிர்ப்பெழுந்ததும் 2013 ஓகஸ்டில் அக்கோரிக்கை மீளப்பெறப்பட்டது. 2023இல் ஹிரோஷிமா நகரக் கல்விச் சபையே தனது சமாதானக் கல்விப் பாடநூலிலிருந்து இம்மங்காவின் பகுதிகளை நீக்கியது. சிறு பகுதியைக்கொண்டு முழுவதையும் உணர்த்த இயலாது என்பது ஒரு காரணம். கென் தன் நோயுற்ற தாய்க்காக அயலவரின் குளத்தில் மீன் திருடுங் காட்சி பிள்ளைகளுக்குத் தவறாக விளங்கலாம் என்பது மற்றொன்று. 1983இன் படத்தில் அம்மீன் இருக்கின்றது. தம்பியோடு குளத்தில் இறங்கி, உரியவரிடம் பிடிபட்டு, காரணத்தைச் சொன்னதும் மீனை அவரே கொடுத்தனுப்புகிறார்.