வாரிசுக்கு எந்த டேபிள்?

பொட்டி தட்டிப் பிழைக்கிற வீட்டில் பிள்ளையும் பொட்டி தட்டத்தான் படிக்கிறான். போன ஞாயிறு, இங்கே புனேயில், காலேஜ் பாடத்தோடு உட்கார்ந்திருந்த மகன் கேட்டான்: "கிளாஸ்ல இன்ஹெரிட்டன்ஸ் இருக்கு. டேபிள்ல ஏன்ப்பா இல்ல?"

பதில் சொல்லக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை இல்லை. கிளாஸும் சப்கிளாஸும் 1967-ல் நார்வேயில், டால், நைகார்ட் என்ற இருவர் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் வந்தவை. நிஜ உலகத்தைக் கம்ப்யூட்டரில் நடித்துப் பார்ப்பது அவர்கள் நோக்கம். 1970-ல் கலிஃபோர்னியாவில் ஐபிஎம்மின் எட்கர் காட், தகவலை வரிசையும் பத்தியுமாக டேபிளில் வைக்கும் ரிலேஷனல் முறையை எழுதினார். 'இது அதில் ஒரு வகை' என்ற உறவுக்கு அதில் தனி இடம் இல்லை.

1990-களில் இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தார்கள். சம்பந்தி சண்டை ஆரம்பம். சமாதானம் பேச கனடாவிலிருந்து டாப்லிங்க் வந்தது, 2001-ல் கேவின் கிங்கின் ஹைபர்நேட் வந்தது. 2002-ல் மார்ட்டின் ஃபௌலர் தன் புத்தகத்தில் மூன்று வழிகளுக்குப் பெயர் வைத்தார்.

பேங்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சேமிப்புக் கணக்கு ஒரு பிள்ளை, எஃப்டி இன்னொரு பிள்ளை.

முதல் வழி கூட்டுக்குடும்பம்: எல்லாம் ஒரே டேபிளில், வகையைச் சொல்ல ஒரு பத்தி. வேகமானது. ஆனால் சேமிப்புக் கணக்குக்கு முதிர்வுத் தேதி கிடையாதே, அந்தப் பத்தியை 'கட்டாயம்' என்று வைக்க முடியாது.

இரண்டாவது: பொதுவானவை அப்பா டேபிளில், மற்றவை பிள்ளைகள் டேபிளில். ஒழுங்கானது. ஆனால் ஒவ்வொரு முறையும் டேபிள்களைச் சேர்த்துப் படிக்கணும்.

மூன்றாவது தனிக்குடித்தனம்: ஒவ்வொரு பிள்ளைக்கும் முழு டேபிள். 'எல்லாக் கணக்கையும் காட்டு' என்றால் வீடு வீடாகப் போகணும்.

2004-ல் வந்த ரெயில்ஸ் கூட்டுக்குடும்பத்தையே எடுத்தது. 2006-ல் வந்த ஜாவாவின் ஜேபிஏவும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதையே எடுக்கும்.

சில வருடம் முன்பு ஒரு பிராஜெக்டில் நானும் எதுவும் சொல்லவில்லை. என் புரோகிராமில் ஒரு ஓட்டை. முதிர்வுத் தேதி காலியாகவே ஒரு எஃப்டி உள்ளே போய்விட்டது. ரிடையரான ஒரு பெரியவரின் பணம். தேதி வந்தும் சிஸ்டம் கண்டுகொள்ளவில்லை. அவர் ரசீதோடு வந்து நின்றபோதுதான் தெரிந்தது. 'வகை எஃப்டி என்றால் தேதி இருந்தே ஆகணும்' என்று டேபிளிலேயே ஒரு நிபந்தனை போட்டேன். ஒரே ஒரு வரி. முதல் நாளே போட்டிருக்கலாம்.

மகனிடம் இதைத்தான் சொன்னேன்: எந்த வழியை எடுத்தாலும் ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம். எதை விட்டோம் என்று தெரிந்து, அதை யார் காவல் காப்பது என்று முடிவு பண்ணிவிடு.

"பரிச்சையில மூணு பேரு எழுதினா மார்க் போட்டுருவாங்கப்பா" என்றான். :-)